இடது காதுக்கு நீலம்

பெரியாஸ்பத்திரியில் ஹிடாயா
மலாயில், நிதானமாக, முகத்துக்கு நேரே சொன்னாள்:
வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம்.
எனக்கு நீலம் மட்டும்.
வலது காதை இனி எதுவும் எழுப்பாது என்று
காகிதத்தில் கோடு இழுத்துக் காட்டிவிட்டாள்.

இருபத்தாறு வருஷமாய் ஜெலுத்தோங் கடையில்
தண்ணி கலக்குகிறேன்.
கடைசி ஒன்பதை உதடு பார்த்தே ஓட்டினேன்.
தே ஓ என்றால் வாய் குவியும்.
கோப்பி என்றால் உதடு ஒட்டிப் பிரியும்.
கோசோங் என்றால் நடுவில் பல் தெரியும்.
எல்லாரும் முகமூடி போட்ட வருஷம்தான்
குட்டு உடைந்தது.
ஒரே நாளில் பதினோரு கிளாஸ் வடிகாலில் போனது.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியும் இருக்கலாம்.

பேட்டரி ஒரு பச்சைப்பட்டாணி அளவு.
முதுகில் ஆரஞ்சு ஒட்டுத்தாள்.
உரித்ததும் உள்ளே தள்ளிவிடக் கூடாது,
ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துக்
காற்றுக் குடிக்க விட வேண்டும்.
தே ஆற்றுகிறவனுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்.

கொதிநீர்ப் பானைக்கு முன் நிற்கிறவனுக்கு
டியூபுக்குள் ஆவி முத்துக் கட்டும்.
சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் போய்விடும்.
கழற்றி, ரப்பர்க் குமிழை அழுத்தினால்
ஒரே ஒரு சொட்டு.
அதற்குள்தான் இவ்வளவு நேரமும் சித்திக்
மேசை நாலு, மேசை நாலு என்று
கத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒளுச் செய்யும்போது கழற்றியாக வேண்டும்.
ஈர விரல் மடலுக்குள் சுற்ற
கட்டைவிரல் காதின் பின்னால் இறங்குமே,
அந்தப் பள்ளத்தில்தான் இது குடியிருக்கிறது.
ஒருநாள் சட்டைப் பையில் போட்டு மறந்து
சட்டை சோப்பு வாளி வரைக்கும் போய்விட்டது.
மைமூன் கடைசி நொடியில் தடவி எடுத்தாள்.
அன்று அவள் திட்டியது எனக்குக் கேட்கவில்லை.
காது அவள் கையில் இருந்தது.

ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து
மைலோ டின்னில் படுக்க வைக்கிறாள்.
அரிசி போடாதே, தூசி அடைக்கும் என்றார்களாம்.
சப்பாத்துக் கடையில் கேட்டு வாங்கிய
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள்,
தின்னாதே என்று மூன்று மொழியில் எழுதியவை.
காலையில் கையைக் குவித்து அதை மூடிப் பார்ப்பாள்.
கீச்சென்று கத்தினால் உயிர் இருக்கிறது.

ஒன்றுதான் கணக்கில் இடிக்கிறது.
என் காது போயிருந்த ஒன்பது வருஷமும்
மைமூன் என் முதுகோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.
மகள் சொல்லித்தான் தெரியும்.
மீன் ஆயும்போது, துணி மடிக்கும்போது,
கூலிமில் மௌத்தான தங்கையை,
வாடகையை, நான் கேட்காமல் விற்ற வளையலை.
இப்போது எனக்குக் கேட்கும்.
இப்போது அவள் பேசுவதில்லை.
சோறு வைக்கவா என்கிறாள்.
அந்த ‘வா’வில் ஒரு கீறல் இருப்பது
இத்தனை வெள்ளி கொடுத்த பிறகுதான் தெரிகிறது.

அதனால் போன வியாழன், இஷாவுக்குப் பிறகு
கருவியை மாட்டியபடியே
பேட்டரிக் கதவை நகத்தால் நெம்பிவிட்டு
கொம்தார் விளக்குகளைப் பார்த்து
ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.
மைமூன் வந்தாள். காதருகே கை குவித்தாள்.
கீச் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து
தலையணை உறையைத் திருப்பிக்கொண்டே
ஆரம்பித்தாள்.

இருட்டில் கண்ணாடி கண்ணாடியாகிவிடும்,
அதை நான் யோசிக்கவில்லை.
கொம்தாருக்கு மேலே அவள் வாய்.
ஒன்பது வருஷம் படித்த படிப்பு,
கண்ணை மூடினால் போதும், மூடவில்லை.

முடித்துவிட்டு எழுந்து வந்து
என் காதுக்குப் பின்னால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.
கருவி டிங் டிங் என்று விழித்தது.
கேட்டுச்சா? என்றாள்.

எத்தனை பவுன் அது, என்றேன்.

மூன்றேகால் என்றாள்,
காதோடு வாய் வைத்து,
அது கீச்சிடக் கீச்சிட.